நாலு மூலையிலும் பாட்டு

என் மகள் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறவள். போன மாதம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கராம். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த செட், ஆனாலும் நம்மைச் சுற்றிச் சுற்றிக் கேட்கும் என்றாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஐந்து குட்டிப் பெட்டிகள். கூடவே தரையில் வைக்கிற மாதிரி ஒரு தடிப்பெட்டி. எது எங்கே போகவேண்டும் என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், சின்னதில் நாலை மூலைக்கு ஒன்றாக வை, மிச்சம் ஒன்றைக் கம்ப்யூட்டர்கிட்ட வை, பெரியதைக் கீழே வை என்றேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த வித்தை என் ஒன்பது வயதிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது தங்கச் சுரங்கத்தை ஒட்டி, ஸ்கெலட்டன் என்கிற இடத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கான லைன் வீட்டில் இருந்தோம். எட்டு வீடு ஒரு வரிசை, எட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. முதல் வீட்டுக் கூரையில் பூனை குதித்தால் எட்டாம் வீட்டுக் குழந்தை எழுந்து அழும். நைனாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, மைக் செட் கடையில் இருந்தார். கல்யாணம், திருவிழா என்று எங்கே பாட்டுப் போட்டாலும் அங்கே ஒயரைச் சுற்றிக்கொண்டு நிற்பார்.

அந்தக் கடையில் காகிதம் கிழிந்த ஸ்பீக்கர்களைப் பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். மாமா அதைச் சல்லிசாகக் கேட்டு வாங்கிவந்து மைதாப் பசை வைத்து ஒட்டினார். ஓய்ந்துபோன ஆம்ப்ளிபையர் ஒன்றும் கிடைத்தது. சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்து காலியான மரப்பெட்டிகளைப் பிரித்து, நாலு சின்னப் பெட்டியும், நான் உள்ளே உட்காரலாம் போல ஒரு பெரிய பெட்டியும் அடித்தார். வீட்டில் நடக்க இடமில்லை.

"நடுவுல குந்திக்கினு கண்ண மூடிக்கணும்க்கா. நாலு பக்கமும் பாட்டு வரும். ஊடே காணாம பூடும்," என்றார் அம்மாவிடம்.

"ஊடு காணாம போனா சோறு எங்கடா ஆக்கறது? கண்ணாலம் கட்டுற வயசுல கிழிஞ்ச காயிதத்த ஒட்டிக்கினு கீறான்," என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் மாமாமேல் பூரண நம்பிக்கை. சுரங்கத்துக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு முறை நைனாவைக் கேட்டிருந்தேன். "கீழ சத்தம் எந்தாண்டயிருந்து வருதுன்னே தெரியாது கண்ணு, நாலு பக்கமும் கேக்கும்," என்று சொல்லியிருந்தார். அதனால் மாமாவின் பெட்டிகள் வாய் திறப்பதற்கு முன்பே நான் நடுவில் பாயைப் போட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். பாய் மெல்லக் கீழே இறங்கும். தரை விலகி வழிவிடும். இருட்டு தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சியாக மேலே மூடும். எங்கோ கீழே நைனா தலையில் விளக்கோடு நின்று, வந்துட்டியா கண்ணு என்பார். அம்மா வந்து காலால் தட்டி எழுப்பும்வரை நான் இறங்கிக்கொண்டே இருப்பேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சுரங்கத்துக்குள் தானாகப் பாறை வெடித்தால் மேலே எங்களுக்கும் தெரியும். முதலில் அடுப்படிப் பலகையில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடிக்கும். அப்புறம் தகரம் கிடுகிடுக்கும். அப்படி ஆடிவிட்டால் லைனில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பெண்கள் சுரங்கத்தின் வாயான ஷாஃப்டுக்கு நடந்துவிடுவார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும் இடத்தில் போய் நிற்பார்கள். தன் ஆள் வந்துவிட்டான் என்று ஒருத்தி முதலில் கிளம்பிவிடக் கூடாது. கடைசி கேஜ் ஏறும்வரை எல்லாரும் நிற்கவேண்டும்.

அன்றைக்கு நைனா முதல் ஷிப்டு. மதியம் அம்மா வெளியே குழாயடியில் இருந்தாள். மாமா பல்பைக் கழற்றி அங்கிருந்து கரண்டு எடுத்து, பெரிய பெட்டியை மட்டும் முதலில் சோதிப்போம் என்று ஒயரின் முனையைத் தொட்டுவைத்தார். டும். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் டும். மறுபடி தொட்டார். மறுபடி டும். மூன்றாவது டும்முக்குப் பலகையிலிருந்து டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது. எட்டு வீட்டுத் தகரமும் கிடுகிடுவென்று நடுங்கி அடங்கியது.

நான் கை தட்டினேன். அப்போதுதான் வெளியே குடம் உடைகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால் லைன் முழுக்க வாசலில். அம்மா ஈரப் புடவையோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாமாவின் முகம் மைதாப் பசை மாதிரி வெளுத்திருந்தது.

"வாயத் தெறக்காத தாயி. உங்க நைனா என்னக் கொன்னு ஷாஃப்டுல போட்டுடும்," என்று என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினார்.

நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய சயனைடு மேடு வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைக் கூசவைத்தது. இத்தனை பெண்கள் நடந்தும் காலடிச் சத்தம்தான், பேச்சே இல்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அம்மா என் விரல்களை நெரித்த நெரிப்பில் வார்த்தை வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் போனவள் அடுத்த வீட்டு அத்தை. அவள் புருஷன் பாறை வெடித்து இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது நடந்த அன்று அவள் தங்கை கல்யாணத்துக்குக் குடியாத்தம் போயிருந்தாள். லைன் ஆடியதும் தெரியாது, கேஜுக்காக நிற்கவும் இல்லை; தந்தி கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது சுரங்கத்துக்குள்ளே அவளுக்கென்று யாரும் கிடையாது. இவள் எதற்கு இப்படி ஓடுகிறாள் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

வாட்ச்மேன், கீழே ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போங்கம்மா என்றார். யாரும் அசையவில்லை. ஷிப்டு முடிந்து கேஜ் ஒவ்வொன்றாக ஏறியது. மூன்றாவதில் நைனா வந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "மூஞ்சியக் கழுவிக்கினு வரக் கூடாதா?" என்றாள். அவ்வளவுதான். முந்தானையால் தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டாள்.

கடைசி கேஜும் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அத்தை மட்டும் நின்றாள். நான் போய் அவள் புடவையை இழுத்தேன்.

"எல்லாரும் வந்துட்டாங்க அத்தே."

"இரு. இன்னொண்ணு வரும்."

"வராது. அது பாறையே இல்ல. எங்க மாமா பொட்டி."

சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குள் அம்மா உருண்ட டம்ளரையும் ஒயரையும் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டிருந்தாள். துடைப்பம் மாமாவின் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தினி பேர் வவுத்துல நெருப்பக் கொட்டன! பாட்டா கேக்குது உனக்கு, பாட்டு!"

"டெஸ்டிங்குதான்க்கா பண்ணேன்!"

"குடத்துக்குத் துட்டு குடுத்துட்டு டெஸ்டிங் பண்ணுடா!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். லைனே சிரித்தது. நைனாவும் சிரித்தார். ஆனால் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: அந்தப் பெரிய பெட்டி இன்றைக்கே விறகாகவேண்டும். எனக்கு அழுகை முட்டியது. நடுவில் உட்கார்ந்து ஒரு பாட்டுகூட இன்னும் கேட்கவில்லையே.

அத்தைதான் என்னைக் காப்பாற்றினாள்.

"பிரிக்கறதுக்கு முன்ன எனக்கு ஒரு தபா போட்டுக் காட்டச் சொல்லுண்ணா," என்றாள் நைனாவிடம்.

சிரிப்பு நின்றது. அம்மா ஏனோ துடைப்பத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைனா வெளியே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, பொட்டிதான், பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தார்.

அத்தை அறை நடுவே, என் பாயில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்துக்கொண்டாள். பாட்டு கேட்கிறவர்கள் இப்படியா உட்காருவார்கள் என்று நினைத்தேன். மாமா ஒயரைத் தொட்டார். டும். டம்ளர்கள் கலகலத்தன. கூரை கிடுகிடுத்து அடங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை.

"இவ்ளோதான் ஆடுமா?" என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாமா எத்தனை நாள் கண்விழித்துச் செய்த பெட்டி, இவள் இப்படிக் குறைத்துப் பேசுகிறாளே.

"இன்னும் ஜாஸ்தி ஆடும் அத்தே," என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய் ஆம்ப்ளிபையர் குமிழை முழுக்கத் திருகிவைத்தேன்.