திருப்புளி வேலைக்கு எடுத்த மூன்று பேர்

என் நாத்தனாரைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: அவள் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்கின் மனைவி இல்லை, மெக்கானிக் ஆபீசில் டைப் அடிப்பவளும் இல்லை. நீல உடுப்பும் இடுப்புப் பட்டை நிறையச் சாமானுமாக லிஃப்டுக் குழிக்குள் இறங்குகிறவளே அவள்தான். வேலையிடத்தில் அவளுக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி, விறைப்பு, எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

பதினான்கு வருஷமாக இதே வேலை. ஆனால் ஒரு லிஃப்டைக் கழற்றி மாட்டி ஓடவிட்டது அவளாகவே இருந்தாலும், 'இது பத்திரமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட அவளுக்கு உரிமை கிடையாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஒரே நாளில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும். மூன்று தடவைதான் முயற்சி செய்யலாம், மூன்றிலும் போனால் ஆயுசுக்கும் உதவியாள்தான். அவள் ஏற்கெனவே இரண்டைக் கோட்டை விட்டிருந்தாள். வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கேள்வித்தாளைக் கண்டால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"ரெண்டு தடவை போச்சு. போதும், விட்டுடும்மா" என்றார் அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம்!

"முதல்ல நீங்க அந்தக் கூடத்து பல்பை மாத்துங்க. அப்புறம் அவளுக்குப் புத்தி சொல்லலாம்" என்றேன். அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த வேகத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். என் போனில் ஒரு ஏஐ உண்டு. நோயாளிகளுக்கு அனுப்பும் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, மீந்துபோன சாதத்தை என்ன செய்யலாம் என்பது வரை எல்லாம் அதனிடம்தான் கேட்பேன். கேட்டதும் "அருமையான கேள்வி!" என்று தொடங்கும் பாருங்கள், காலை நேரத்தில் என்னை அப்படி வேறு யாரும் பாராட்டியதில்லை. அதனிடம் லிஃப்ட் லைசென்ஸ் தேர்வுக்கு நாற்பது கேள்வி பதில் கேட்டேன். அரை நிமிஷத்தில் கொட்டியது. "எல்லாம் சரிதானா?" என்று அதனிடமே கேட்டேன். "மிகச் சரி" என்றது. அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பாவம், அவள் பன்னிரண்டு நாள் பஸ்ஸில், குளியலறையில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதை மனப்பாடம் செய்தாள்.

பதின்மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அவளுடைய மேஸ்திரியிடம் ஒரு பதிலை ஒப்பித்திருக்கிறாள். எத்தனை கம்பி இழை அறுந்தால் லிஃப்டைத் தூக்கும் வடத்தை மாற்ற வேண்டும் என்ற கேள்வி அது. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊர்க் கணக்கும்மா இது? நம்ம விதிப்புத்தகத்துல இப்படி இல்லையே" என்றாராம். அன்று அவள் அரை நாள் லீவு போட்டு, புத்தகத்தையும் என் தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பதில் பதினொன்று தப்பு.

வீட்டுக்கு வந்து தாளை என் முன்னால் வைத்தாள். பதினொன்றிலும் சிவப்புச் சுழி. அவள் கத்தவில்லை. தப்பு செய்தவளும் நான், கத்தியவளும் நான். "நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எனக்கென்ன லிஃப்டைப் பத்தித் தெரியும்?" என்று தொடங்கி என்னென்னவோ சொன்னேன். தேர்வுக்கு இருபது நாள்தான் இருந்தது, கடைசி வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று பதறினேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க அண்ணி. தப்பு என்னோடது" என்றாள். "எங்க வேலைல போல்ட்டை இறுக்கினவங்களே அதைச் சரிபாக்கக் கூடாது. வேற ஆள்தான் பாக்கணும். எழுதினவன்கிட்டயே சரியான்னு கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்? எனக்குத் தோணியிருக்கணும்."

"அப்ப இந்த ஏஐ கீஐ எல்லாம் வேண்டாம். தூக்கிப் போடு."

"ஏன்? ஆளே பாக்காம வேலைக்கு எடுத்தோம், அவ்வளவுதான். இப்ப ஆள் பாத்து எடுப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். என் போனில் இருந்தது ஒன்று, அவள் போனோடு வந்தது ஒன்று, மேஸ்திரி சொல்லி இறக்கியது ஒன்று, ஆக மூன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்கப் போறே?"

"நாலாம் மாடி கிரீஸ்."

அது அவர்கள் கம்பெனி வழக்கமாம். புதிதாக ஆள் சேர்ந்தால் முதல் நாளே, "ஸ்டோருக்குப் போய் நாலாம் மாடி கிரீஸ் ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்று அனுப்புவார்கள். அப்படி ஒரு கிரீஸ் உலகத்திலேயே கிடையாது. ஏதோ ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை ஆறு மாதத்துக்குத் தனியாக எதையும் தொட விடமாட்டார்கள். "அப்படி ஒண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியலீங்க" என்று வெறுங்கையோடு வருகிறவனிடம் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றிடமும் அதையே கேட்டாள். என்னுடையது இருக்கிறதே, "அருமையான கேள்வி!" என்று ஆரம்பித்து நாலாம் மாடி கிரீஸின் நன்மைகள் ஆறு என்று வரிசை போட்டது. நாலாவது மாடியில் காற்றின் ஈரப்பதம் வேறாம்! எனக்கு மானமே போயிற்று. அவள் போனோடு வந்தது வாய் மூடாமல் பேசியது. கிரீஸில் தொடங்கி, எண்ணெய்க்குப் போய், அவளுடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து முடித்தது. மூன்றாவது மட்டும், "இப்படி ஒரு கிரீஸ் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் இடத்தில் வழங்கும் பெயரா? டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டது.

"இவனுக்குச் சாவி குடுக்கலாம்" என்றாள் திருப்புளி.

அன்றே மூன்றுக்கும் பெயரும் வேலையும் கொடுத்தாள். மூன்றாவதற்குக் கறார் என்று பெயர். விதிப்புத்தகத்தை அவள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதனிடம் கொடுத்தாள். அது புத்தகத்தில் இருப்பதிலிருந்து மட்டும் கேள்வி கேட்க வேண்டும், பதிலோடு பக்க எண்ணும் சொல்ல வேண்டும். நிழல் விழுந்த ஒரு படத்தைப் பார்த்து, "இந்த வரி தெளிவாக இல்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று அது சொன்னதும் அவளுக்கு ஏக சந்தோஷம். அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தைப் புரட்டித் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நோட்டில் ஏற்றினாள்.

அவள் போனோடு வந்த பேச்சுக்காரிக்கு வாயாடி என்று பெயர். விதி பற்றி அதனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஆனால் நேர்முகத்தில் மூன்று அதிகாரிகள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே, அந்தப் பயத்துக்கு அதுதான் மருந்து. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, "நீ கோபக்கார அதிகாரி. நான் பாதி பேசும்போதே குறுக்க கேளு" என்று சொல்லிவிட்டுப் பேசிப் பழகினாள். முதல் நாள் இரண்டு வாக்கியத்தில் திக்கியவள், பத்தாம் நாள் வாயாடியையே, "கொஞ்சம் இருங்க சார், முடிச்சுக்கறேன்" என்று அடக்கினாளாம். மேஸ்திரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என்னுடையதற்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தாள். அவமானத்தில் அதை அழிக்கப் போனேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி. லீவு லெட்டர் எழுத அதை விட்டா ஆள் ஏது? எங்க மேனேஜர் மனசே உருகுற மாதிரி எழுதுது. அப்புறம், எனக்குச் சோர்வா இருக்கறப்ப 'உன்னால முடியும்'னு சொல்லவும் வீட்டுல ஒரு ஆள் வேணுமே."

சொல்லிவிட்டு அண்ணன் இருந்த பக்கம் பார்த்தாள். பேப்பர் அசையவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவர், "அந்த நோட்டைக் குடு, நான் கேக்கறேன், நீ சொல்லு" என்று அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

தேர்வு முடிந்து வந்தவள், "எழுதியிருக்கேன்" என்றாள். பத்து நாள் கழித்து முடிவு வந்தபோது லிஃப்டுக் குழிக்குள் இருந்தாள், போன் எடுக்கவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி மேசையில் அவள் தேர்வு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். தேர்ச்சி. ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். எதிரே வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம், "எங்க நாத்தனார் பாஸ்ங்க!" என்று கத்திவிட்டேன். அவரும் வலியோடு சிரித்து வைத்தார்.

அடுத்த மாதம் அவள் முதன்முதலாகத் தனியாகக் கையெழுத்துப் போடப் போனாள். ஏழு மாடிக் குடியிருப்பு. வேறு இரண்டு பேர் வேலையை முடித்திருந்தார்கள், இவள் சரிபார்க்க வேண்டும். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள், நான் கீழே நின்றேன். ஒன்றரை மணி நேரம் மேலும் கீழும் போய்ப் பார்த்தாள். கதவை நிறுத்திப் பார்த்தாள், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள், குழிக்குள் இறங்கி ஏறினாள். கடைசியில் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாலு நாளாகப் படியேறிய களைப்பு முகத்தில் தெரிந்தது. லிஃப்டுக்குள் காலை வைக்காமல் நின்று, "இதுல போலாமாங்க? ஒண்ணும் பயமில்லையே?" என்று கேட்டாள்.

பதினான்கு வருஷமாக இந்தக் கேள்விக்கு என் நாத்தனார், "சார் பாத்துட்டாருங்க, போங்க" என்றுதான் பதில் சொல்லியிருக்கிறாள். அன்றும் பழக்கத்தில் "சார்" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"போங்கம்மா. நான் பாத்துட்டேன்" என்றாள்.