துணி மண்டபத்தில் ஐம்பது தொட்டில்கள்

நான் படித்த இங்கிலீஷை நினைத்து எனக்கே கூசியது... போன ஞாயிற்றுக்கிழமைதான்.

மாமல்லபுரம் சவுக்குத் தோப்பில், வெளிநாட்டிலிருந்து வந்த ஓவிய அம்மா ஒருவர் துணியாலேயே ஒரு மண்டபம் கட்டியிருந்தார். சுவர், கூரை எல்லாம் பழைய புடவை. உள்ளே நடக்கலாம், உட்காரலாம். கடல்காற்று அடித்தால் மண்டபமே மூச்சு விடும்!

அவர் பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். குப்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். சும்மா விடுவேனா?

திறப்பு நாளன்று அக்காவையும் கூட்டிப் போனேன். ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து!

"இன்னாடி இது, பொடவக் கட கணக்கா கீது!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

நடு அறையில் சிரிப்பு நின்றது. கூரையிலிருந்து ஐம்பது குட்டித் தொட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றும் கையகலத் துணி.

அக்கா ஒன்றைப் பிடித்தாள். பச்சைத் துணி, அரக்குக் கரை, உள்ளே ஒரு சிப்பி.

"என் கூறப் பொடவைல கிழிச்சதுடி. கொழந்த பொறந்தா நானே வந்து அவுக்கறேன்னு வேண்டிக்கினு, அம்மன் கோயில் மரத்துல கட்னேன். இங்க எப்டி வந்துச்சு?"

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

மண்டபம் கட்டும்போது ஒருநாள் ஓவிய அம்மா அந்தக் கோயில் மரத்தைக் காட்டி, "இவற்றை எடுக்கலாமா? ஊரில் கேட்டுச் சொல்" என்றார். நான் யாரையும் கேட்கவில்லை. "வெறும் பழந்துணி, மூடநம்பிக்கை... தாராளமாக எடுங்கள்" என்றேன். ஒரு பிழைகூட இல்லாத இங்கிலீஷில்!

அக்கா கட்டியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? அவளுடையதை விட்டுவிட்டு, மற்ற நாற்பத்தொன்பதையும் எடுக்கச் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் பதறுகிறது.

"யாருடி குடுத்தது?"

"நான்தான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் ஓவிய அம்மாவின் முகம் வெளுத்தது. அவரே ஏணியில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினார். சாயங்காலம் வரை கோயில் மரத்தடியில் நின்று ஒவ்வொன்றாக நான் கட்டினேன். எது யாருடையது? தெரியாது. அக்கா அருகிலேயே உட்கார்ந்து, "கெட்டியாக் கட்டு... இன்னொரு முடிச்சுப் போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பச்சைத் துணிக்குக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"இத நானே கட்டிக்கறேன். உன்ன நம்பி வுட முடியாது."

நியாயம்தானே, சொல்லுங்கள்?