மண்ணில் நின்ற சக்கரம்

இரண்டு வருடங்களுக்கு முன், காலாண்டு விடுமுறையில், முடிச்சூரில் நான் அடித்த கூத்து இது. நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அந்த வருடம் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கியிருந்தேன். தவளை முகம், பச்சை பெயின்ட், வயதில் என்னைவிட மூத்தது. எதற்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பார்த்ததும் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்!

ஆனால் மகராசி ஓட மாட்டாள். ஒரு காலத்தில் கல்குவாரியில் பாரம் இழுத்தவளாம். இழுவை உண்டு, வேகம் கிடையாது. ஐம்பதைத் தொட்டாலே இன்ஜின் அலறும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்காரர்கள் ஹாரனாலேயே என்னைத் திட்டுவார்கள். பொறுத்துப் பார்த்த என் கணவர் ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வண்டலூர் வரைக்கும் போலாம். அறுபதுல அலறாமப் போச்சுன்னா வெச்சுக்கோ. இல்லேன்னா படப்பைல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், அவருக்குக் கொடுத்துடலாம்."

அறுபதில் அலறாமல் போகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சரி, பாத்துடலாம்!" என்றேன்.

பெருங்களத்தூர் மெக்கானிக் வழி சொன்னார். பின்பக்க ஆக்சிலையே மாற்ற வேண்டுமாம். என் வண்டியில் பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டு கிட்டத்தட்ட ஐந்தரைச் சுற்று சுற்றுகிறது. அது நாலு சொச்சமாகக் குறைந்தால் இன்ஜினுக்கு மூச்சு வாங்காது. "பழைய ஜீப்ல இதே அளவு ஆக்சில் கெடைக்கும். உள்ள பல்சக்கரத்துல பல்லு கணக்குதான் மாறும். சுத்திப் பாத்து, எண்ணி எடுங்க மேடம்" என்றார். எண்ணுவதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்!

வியாழக்கிழமை மேடவாக்கம் போகும் வழியில் ஒரு காயலான் கடையில் இரண்டு ஜீப்புகளைக் கண்டுபிடித்தேன். கடையை நடத்தியவர் என் வயதுப் பெண். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையெல்லாம் கிரீஸ். முதல் ஜீப்பின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கொடுத்தார். சக்கரத்திலும் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினேன். தண்டு சுற்றியது இரண்டே முக்கால்!

ஐந்தரைக்குப் பதில் இரண்டே முக்கால், சரிபாதி! வண்டலூர் என்ன, திண்டிவனம் வரை பறக்கலாமே! சேற்றில் நின்றபடியே குதித்தேன். "இதையே கழட்டுங்க" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "இரு, அக்கா. அந்தாண்ட சக்கரம் மண்ணுல நின்னுக்கினு கீது, பாத்தியா? ஒண்ணு நின்னா, அதோட சுத்தையும் சேத்து இன்னொண்ணுதான் சுத்தும். அத்த ரெண்டு சுத்து சுத்தி எண்ணணும். நீ பாதிதான் எண்ணிக்கீறே."

இன்னொரு சுற்று சுற்றினேன். மொத்தம் ஐந்தரை. என் வண்டியில் இருப்பதே! அதைக் கழற்றிவிட்டு அதையே மாட்டியிருப்பேன். வருடா வருடம் பாடம் நடத்துகிற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"கேட்டதைக் குடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாமே?" என்றேன்.

"உன் மூஞ்சியப் பாத்தேன்க்கா. அவ்ளோ சந்தோசம். மாட்டினப்பறம் அழுதிருப்பே" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஜீப்புக்கு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்த முறை இருவரும் சேர்ந்து இரண்டு சுற்று சுற்றி எண்ணினோம். நாலே கால்! அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மெக்கானிக் மாட்டிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் உடையிலேயே கிளம்பினோம். பெருங்களத்தூர் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். அலறல் இல்லை! ஆனால் கணவர் மீட்டரைக் காட்டி, "நாப்பத்தெட்டுதானே காட்டுது?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது. இந்த மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவது, பின்னால் ஆக்சில் மாறியது அதற்கு எப்படித் தெரியும்? "ஏங்க, போன் மேப்ல வேகத்தைப் பாருங்க!" என்று கத்தினேன்.

பார்த்தார். மறுபடி பார்த்தார். "அறுபத்தொண்ணு" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

ஐயோ, அந்தச் சந்தோஷம்! ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கத்தினேன். வண்டலூர் வந்தபோது திருப்பலாமா என்று கேட்டேன். மனிதர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்துடலாமே" என்றார். படப்பைக்காரர் பேச்சு அதோடு சரி.

வண்டி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து, எந்தக் கணக்கிலும் விடை நான் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டால், குதிப்பதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது.