பம்மலிலிருந்து தாம்பரம்: அத்தையின் முட்டியோடு ஒரு செவ்வாய்க்கிழமை

ஒன்பது கிலோமீட்டரைப் பயணம் என்றால் சிரிப்பீர்கள். முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆனவரை அழைத்துக்கொண்டு போயிருந்தால் சிரிக்க மாட்டீர்கள். என் மாமியாருக்குப் போன மாதம் வலது முட்டியில் ஆபரேஷன். வாரம் ஒருமுறை தாம்பரத்தில் பிசியோதெரபி. செவ்வாய் எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அன்றைக்கே நேரம் வாங்கியிருந்தேன்.

பத்தரைக்குப் புறப்பட்டோம். ஷேர் ஆட்டோ மலிவு. மடங்காத காலோடு அதில் ஏற முடியாது. தனி ஆட்டோ, காத்திருப்பும் சேர்த்து அறுநூறு ரூபாய். அத்தை குறுக்காக உட்கார்ந்து காலை என் மடியில் நீட்டிக்கொண்டார்.

"ரோடு பேஜாரா கீதுக்கா. பள்ளம் வந்தா சவுண்டு குடுக்கறேன், ஆயா கெட்டியா புட்ச்சிக்கட்டும்" என்றார் ஓட்டுநர்.

"ஆயாவா? உன் தலையிலயும்தான் நரைச்சிருக்கு" என்றார் அத்தை.

அதன்பிறகு குரோம்பேட்டை தாண்டும்வரை, "அம்மா, பள்ளம்!" என்றே குரல் வந்தது.

கிளினிக்கில் முட்டியை மடக்கியதும் அத்தை கத்திவிட்டார். "போன வாரமும் இதே எழுபது டிகிரிதான். அடுத்த மாசத்துக்குள்ள தொண்ணூறு வரலைன்னா, டாக்டர் மயக்க மருந்து குடுத்துதான் மடக்க வேண்டியிருக்கும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"கொஞ்சம் பொறுத்துக்கணும் அத்தை. சும்மா பயப்படறீங்க" என்றேன் நான்.

"வர்றதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று அத்தையைக் கேட்டார் பிசியோதெரபிஸ்ட்.

அத்தை என்னைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுப் போடற மாத்திரையாச்சே. செவ்வாய்க்கிழமை எப்படிம்மா? முருகனுக்கு விரதம். முட்டி நல்லாகணும்னு வேண்டிக்கிட்டது."

விரதம் எனக்குத் தெரியும். செவ்வாயன்று அவருக்குத் தட்டு வைக்காதவள் நான்தான். மாத்திரையை எடுத்து வைத்தவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

"சொல்லியிருக்கலாமே அத்தை, கிழமையை மாத்தியிருப்பேனே."

"உனக்குத் தோதான நாள் அது ஒண்ணுதானே. அதையும் ஏன் கெடுக்கணும்?"

திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த முட்டியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். சும்மா பயப்படறீங்க என்ற சொல்லைத்தான் திரும்ப எடுக்க முடியவில்லை.

இப்படிப் போகவிருப்பவர்களுக்கு: காலுக்கடியில் வைக்க ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு எவ்வளவு முன்னால் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் குறிக்குமுன் வலிக்கப்போகிறவரைக் கேளுங்கள்.

நாங்கள் இப்போது வியாழக்கிழமைகளில் போகிறோம். போன வாரம் எழுபத்தெட்டு வந்தது. தொண்ணூறு வருமா என்று இன்னும் தெரியாது. அலுவலகத்தில் வியாழன் காலை மட்டும் அனுமதி கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்.