நான் கையெழுத்துப் போட்ட சூரணம்

எங்கள் லேபுக்கு வருகிற சூரணத்தைப் போலச் சுத்தமான சூரணம் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எரிச்சலில் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் அச்சு வார்க்கிற கம்பெனிக்கும் ஒரு லாரி ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சோதனைக்கூடம். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். மூலிகைப் பொடி, லேகியம், கேப்சூல், உடம்பு தேறும் என்று சொல்லி விற்கிற டானிக், எதுவானாலும் அதில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் பிரிவு. அரை கிராம் பொடியை எடைபோட்டுக் குப்பியில் இட்டு, அமிலம் ஊற்றி, சூட்டில் கரைத்துத் தெளிநீராக்கி மெஷினுக்குக் கொடுப்போம். மெஷின் பொய் சொல்லாது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. பொய் சொல்ல நினைக்கிறவர்கள் மெஷினுக்கு வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சாம்பிளைக் கம்பெனிக்காரர்களேதான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடைக்குப் போகிற மூட்டையில் கைவிட்டு அள்ளியதா, எங்களுக்கென்று தனியாக அரைத்ததா, யாருக்குத் தெரியும்? பெண் பார்க்க வருகிற நாளில் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தப் பொட்டலம். நாங்கள் அதைச் சோதித்து, ஈயம் வரம்புக்குள் இருக்கிறது என்று ரிப்போர்ட் அடிப்போம். நான் கையெழுத்துப் போடுவேன். அதற்கும் கீழே எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும் என்று. எல்லா லேபிலும் இருக்கிற வரிதான். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

என் அக்கா காட்டுப்பாக்கத்தில் இருக்கிறாள். தையல் மெஷின் மிதித்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். மிதித்த மிதியில் முட்டி இரண்டும் போய்விட்டன. போன வருடம் தவக்காலத்தில் அவளிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பூந்தமல்லியில் ஒரு நாட்டு மருந்துக்கடை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் எங்கள் லேப் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ், பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தது. திருமழிசையில் தயாராகிற மூட்டுவலிச் சூரணம் ஒன்றுக்கு நாங்கள் கொடுத்தது. அடியில் என் கையெழுத்து. ‘உன் கையெழுத்துடி!!! இத வாங்கவா?’ என்று எழுதி மூன்று ரோஜாப்பூ வேறு போட்டிருந்தாள்.

நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பிவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. சாம்பிள் எப்படி வருகிறது என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி திட்டித் தீர்க்கிறவள் நான். கேண்டீனில் இந்தப் பேச்சை நான் எடுத்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோவார்கள். அப்படிப்பட்ட எனக்கே என் கையெழுத்தைச் சுவரில் பார்த்ததும் அந்த எறும்பு வரி மறந்துபோய்விட்டது. நம்ம லேபில் பார்த்ததுதானே என்று தோன்றிவிட்டது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். அக்காவுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. முறுக்கிப் பிழிகிற வலி. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது என்றாள். முகம் வெளுத்துப்போனது. ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. ஒரு டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். ஸ்கேன் எடுத்ததில் ஒன்றுமில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான் போகும்போதெல்லாம் அவளைத் திட்டினேன். “நேரத்துக்குச் சாப்புடுறது கெடையாது. டீயைக் குடிச்சே ஒடம்பக் கெடுத்துக்குற” என்று. அவளும் “ஆமாண்டி, இனிமே ஒழுங்கா துன்றேன்” என்பாள். சொல்லிவிட்டு, என் கண்ணெதிரே அந்தச் சூரணத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடிப்பாள்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. ஈயம் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் வரும். வருடக்கணக்காக அதே பக்கம்தான், எனக்கு மனப்பாடம். அன்றைக்கும் ஒப்பித்துக்கொண்டே போனேன். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, கைநடுக்கம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “மேடம், தண்ணி வேணுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

அன்று மாலையே காட்டுப்பாக்கம் போய், டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் பொடியை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் மற்ற சாம்பிள்களோடு சேர்த்து ஓட்டினேன். ஈயம் வரம்பைப் போலப் பல மடங்கு இருந்தது. குப்பி அழுக்காக இருந்திருக்கும் என்று எல்லாவற்றையும் கழுவி மறுபடி ஓட்டினேன். அதே அளவு. டப்பாவில் இருந்த பேட்ச் நம்பரை எங்கள் பதிவேட்டில் தேடினேன். அதே பேட்ச் எங்களிடம் சோதனைக்கு வந்திருந்தது. மிச்ச சாம்பிள் ஸ்டோர் ரூமில் இன்னும் இருந்தது. அதை எடுத்து அக்காவின் பொடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினேன். எங்கள் சாம்பிள் பச்சை கலந்த பழுப்பு. அக்காவின் பொடி காவி. குழந்தைகூட வேறு வேறு பொடி என்று சொல்லிவிடும்.

தாளை அப்படியே ஏந்திக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. நிதானமாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேடம், இது நம்ம சாம்பிள் இல்லியே.”

“சார், பேட்ச் நம்பர் ஒண்ணுதான்.”

“டப்பா தெறந்திருக்கு. வீட்ல இருந்து வந்திருக்கு. அவங்க கொடுத்ததுக்கு நாம ரிப்போர்ட் குடுத்தோம், அந்த ரிப்போர்ட் கரெக்ட். அதத் தப்புன்னு எப்படி எழுத முடியும்? கீழ அந்த லைன் எதுக்குப் போட்டிருக்கோம்?”

அந்த வரியைப் படித்த முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். சீல் உடைக்காத டப்பா ஒன்று கடையில் வாங்கி, பில்லோடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதினேன். அவர்களே வந்து சாம்பிள் எடுத்துச் சோதித்தால்தான் செல்லும் என்றார்கள். சட்டம் அப்படித்தான், நியாயம்தான். ஆனால் அதுவரைக்கும் பூந்தமல்லிக் கடைச் சுவரில் என் கையெழுத்து தொங்கிக்கொண்டுதானே இருக்கும்? கடைக்காரரிடம் போய் அதைக் கழற்றச் சொன்னேன். “இன்னாம்மா, நீங்களே குடுத்துட்டு நீங்களே கயட்ட சொன்னா எப்பிடி? இது உண்மையா பொய்யா, அத்த சொல்லு” என்றார். உண்மைதான். திரும்பி வந்துவிட்டேன்.

அக்காவின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தோம். ஈயம் ஏறியிருந்தது. சூரணத்தை அன்றே நிறுத்தச் சொல்லி, சிகிச்சை ஆரம்பித்தார் டாக்டர். ஆட்டோவில் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

“அப்போ நீ போட்ட கையெயுத்து?”

“அது அவங்க கொண்டாந்து குடுத்த பொடிக்கு, அக்கா. கடையில விக்கிறது வேற பொடி.”

“கடையில விக்கிறத பாக்காத பின்ன எதுக்குடி பாக்குறீங்க?”

பதினெட்டு வருடத்தில் என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

“கட்டவெரல காட்னியேடி” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “உள்ள வா, இன்னொண்ணு கீது” என்றாள்.

அந்த இன்னொன்று என்னவென்றால், அன்றைக்கு எனக்கு அனுப்பிய போட்டோவை அவள் தன் அன்பியம் குரூப்பிலும் போட்டிருக்கிறாள். அவர்கள் சர்ச் பங்கில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் செய்கிற குழு அது. முக்கால்வாசிப் பேர் முட்டிவலிக்காரர்கள். ‘என் தங்கச்சி செக் பண்ணது. நம்பி வாங்கலாம்’ என்று எழுதி, நான் அனுப்பிய கட்டைவிரலையும் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறாள். ஒன்பது வீடு வாங்கியிருக்கிறது.

“இப்பவே போடு. யாரும் சாப்புட வேணாம்னு போடு” என்றேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதிப் போட்டாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ஒருவர் வதந்தி பரப்பாதீர்கள் என்று எழுதி, ஆதாரத்துக்கு ஒரு படத்தையும் போட்டிருந்தார். பார்த்தால் என் ரிப்போர்ட். அடுத்தவர் அதற்குக் கைதட்டியிருந்தார். என் கையெழுத்தை வைத்தே என் வாயை அடைக்கிறார்கள். போனைச் சுவரில் விட்டெறிந்திருப்பேன், அக்காவின் போனாக இல்லாவிட்டால்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் வீடு வீடாகக் கிளம்பினோம். அக்காவால் ஒரு தெரு நடந்தால் ஒரு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. நீ இரு, நான் போகிறேன் என்றால் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவள் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தாள். “இவதான் என் தங்கச்சி. அந்த சூரணத்துக்கு கையெயுத்து போட்டவ.” எனக்குத் தலை குனிந்துபோகும். அதற்குப் பிறகு நான் பேச வேண்டும். கொடுத்த சாம்பிள் வேறு, விற்ற பொடி வேறு என்று. முதல் வீட்டில் கேட்டுவிட்டு டப்பாவை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் பூட்டு.

மூன்றாவது வீட்டில் அக்காவின் வயதில் ஒரு அம்மா. பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதையெல்லாம் கரண்டியும் கையுமாகக் கேட்டார். அக்காவின் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது நல்லதா கெட்டதா, பாத்து சொல்லு.”

“பாத்தா தெரியாதுக்கா. லேப்ல போட்டுத்தான் சொல்ல முடியும்.”

“இது சாப்புட்டதுலருந்து முட்டி வலி இல்லம்மா எனுக்கு. மாடி ஏறி எறங்கறேன்.”

“இருக்கலாங்க்கா. ஆனா இதுல ஈயம் இருக்கு. தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. நான் சொல்றேன்ல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சண்டைக்கு இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

“உன்ன நம்பித்தான் இத்தினி நாளு துன்னேன். இப்போ உன்ன நம்பியேதான் நிறுத்தணுமா?”

ஆமாங்க்கா என்றேன். அவர் டப்பாவை மூடினார். மூடி, எங்களிடம் கொடுக்காமல், பழையபடி அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் உக்காருங்க, காபி போடறேன்” என்றார்.