பெரியப்பா பள்ளிக்கூடம் போன நாள்

ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் எங்கள் வளவில் படித்து வேலைக்குப் போனவர்கள் யாரும் என் பெரியப்பாவைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. அவர் படம் மாட்டாத வீடும் அங்கே குறைவு. அந்தப் பேச்சுகளில் என் அப்பா வரவே மாட்டார். வராததே நல்லது என்று நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

பெரியப்பா மேட்டூரில் அணை கட்டியபோது கல் சுமக்கப் போனவர். அங்கே பல ஊர் ஆட்களோடு கூட்டங்களுக்குப் போய், கையெழுத்துப் போடவும் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கவும் பழகிக்கொண்டு, எடப்பாடிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வளவுப் பிள்ளைகள் வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார வேண்டும். மழை வந்தால் எங்களுக்கு மட்டும் லீவு. எங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியப்பாவுக்கு இல்லை. சேலத்துக்கு நடையாய் நடந்து, எங்களையும் உள்ளே உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கி வந்துவிட்டார். மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளையும் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே, அப்பா பண்ணையம் பார்த்த நிலத்தின் சொந்தக்காரரான பண்ணாடி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்கண்ணன் பேச்சைக் கேட்டுப் புள்ளைய உள்ள அனுப்புனீன்னா, இந்த ஊர்ல எந்தக் காட்டுலயும் உனக்கு வேலை கெடையாது, பாத்துக்க."

மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அவரவர் பண்ணாடி இதையே சொல்லியிருக்க வேண்டும். விடிந்தபோது வளவு முழுக்க நோய். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவனுக்குக் கண்வலி, மிச்சம் பேர் மாமன் ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று முடிவாகி, அம்மா என்னைப் படுக்கவைத்துத் தன் பழைய சேலையால் போர்த்திவிட்டாள். வெளுத்த சட்டையோடு பெரியப்பா வந்து நின்றார்.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்கண்ணா" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

பெரியப்பா குனிந்து என் நெற்றியில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"ஆமா, நல்ல சூடு. தூங்கு சாமி."

அவரே சொன்ன பிறகு எனக்கு உடம்பு சுடத்தான் செய்தது.

வளவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று வாத்தியார் மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டால் உத்தரவு வீணாகிவிடும். அதனால் அவர் தனியாகவே போனார். பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போனார். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாக நோய் தெளிந்தது. நாங்கள் உள்ளே உட்கார்ந்தோம். நான் வாத்தியாரம்மாவே ஆனேன். ஆனால் அப்பா அந்தக் காலையைப் பற்றித் தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்றே இருந்து, கடைசியில் அண்ணனைச் சுடுகாட்டில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த முதல் நாள் சாயங்காலம் மட்டும் எனக்கு மறப்பதில்லை. திரும்பும் வழியில் யாரோ பெரியப்பாவைக் கல்லால் அடித்திருந்தார்கள். சட்டைத் தோளெல்லாம் ரத்தம். தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"காய்ச்சல் உட்டுருச்சா சாமி?"

"உட்டுருச்சுங்க பெரியப்பா" என்றேன்.

கதவுக்குப் பின்னால் அப்பா வாய்விட்டு அழுவது கேட்டது. என் உடம்பு தேறியதில் அப்பாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.