வைகாசியில் கேட்ட கேள்வி

நான் மருத்துவ மாணவியாக இருந்தபோது நிரப்பிய ஆய்வுப் படிவங்களில் ஒன்றை மட்டும் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன். ‘தற்போது புகைப்பவரா?’ என்ற கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீல மையால் ஒரு அடையாளம். அது பிழை. போட்டவள் நான்.

புகைப்பழக்கத்துக்கும் நாட்பட்ட கணைய நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றியது என் ஆய்வு. அதற்காக வார்ட்டு வார்ட்டாக அலைந்தபோதுதான் வட்டவிதானையாரைக் கண்டேன். உன்னிச்சைப் பக்கம் ஒரு வட்டையில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுப்பவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியோடு கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஊரில் நின்றுவிட்டதால் பக்கத்தில் யாருமில்லை. சாராயத்தை விட்டு இரண்டு வருடமாகியும் வலி ஏன் விடவில்லை என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

“பீடி, சிகரட் பத்துவீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“இல்ல புள்ள, ஒண்டும் பத்துறல்ல.”

கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். புகைப்பவர்களிடம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, பீடியும் கணையத்தைக் கெடுக்கும், விடுங்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அவரிடம் நான் சொல்லவில்லை. என் தாளை நம்பி வேறு யாரும் சொல்லவில்லை.

அது வைகாசி மாதம். அவருடைய ஊரில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. நான் பிறந்ததும் அப்படியொரு ஊரில்தான். சடங்கு முடியும்வரை என் அப்பாவே பீடிக்கட்டைக் கூரையில் செருகிவிட்டு அந்தப் பக்கம் திரும்பமாட்டார். வட்டவிதானையார் ஆஸ்பத்திரிச் சோற்றில் கிடந்த மீன் துண்டை ஒதுக்கி வைத்ததையும் என் கண்ணாலே கண்டேன். அது சடங்கு விரதம் என்றும் தெரியும். அப்படியிருந்தும், சடங்குக்கு முந்திய கிழமை பத்தினீர்களா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்ப் பிள்ளை இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். எனக்கு என்ன சாட்டு இருக்கிறது?

மாசியில் மறுபடி வந்தார், பாதி ஆளாக. தலையணைக்கு அடியில் பீடிக்கட்டு இருந்தது.

“அண்டைக்கு இல்லையெண்டு சொன்னீங்களே ஐயா?”

“அது அம்மாளுக்குக் கதவு துறந்த கிழமை தானே புள்ள. அதுக்குள்ள ஆரு பத்துவா?”

ஒன்பது மாதம் பிந்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், பீடிக்கட்டை எடுத்து என் கையில் தந்தார். “சாராயம்தான் கூடாதெண்டாங்க. இதையும் சொல்லியிருந்தா அண்டைக்கே உட்டிருப்பனே” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பங்குனி முடியுமுன் போய்விட்டார். நோய் முதலிலேயே முற்றியிருந்தது, பீடியை விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். இருக்கலாம். கணினியில் அவருடைய வரியைத் திருத்த ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஆய்வுக்குப் பாராட்டும் கிடைத்தது. இன்று நானும் வைத்தியராகிவிட்டேன். அந்த ஒன்பது மாதத்தில் அவருக்கு எத்தனை நாள் வலி குறைந்திருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன், நடந்ததைச் சொல்லிவிடுவதற்காகத்தான். நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வந்திருந்தவர்களிடம், “இந்தப் புள்ள சொல்லித்தான் மனிசன் பீடிய உட்டவர். இருவது வருசமா நான் சொல்லிக் கேக்காத மனிசன். இவ கொஞ்சம் முந்தி வந்திருந்தா...” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நான் முந்தியே வந்ததை அவர் மனைவியிடம் சொல்லாமலே போயிருக்கிறார். நானும் அன்று சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.